சட்டம் படித்த பெல்கிரானோ படைத்தலைவர் ஆனது எப்படி?

கேள்வி இதுதான்: அர்ஜென்டினாவின் தேசியக் கொடியை உருவாக்கியவர் மனுவேல் பெல்கிரானோ. அவர் சட்டம் படித்த வழக்கறிஞர் என்றும், ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் வடக்குப் படையை நடத்திய தளபதி என்றும் சொல்லப்படுகிறது. போர்ப்பயிற்சி இல்லாத ஒருவர் எப்படித் தளபதியானார்? அவரைச் சிறந்த தளபதி என்று சொல்லலாமா?

இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போர்க்கலையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அவர் சிறந்த தளபதி அல்லர். அவருடைய பெரும் வெற்றிகள் இரண்டு, துக்குமான், சால்டா. தோல்விகளோ நான்கு, பராகுவே மண்ணில் இரண்டு, இன்றைய பொலிவியாவின் மேட்டு நிலத்தில் இரண்டு. தம் படைத்துறை அறிவு மிகவும் குறைவு என்று அவரே தம் தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆயினும், சட்டத்தை விட்டுவிட்டு வாளை எடுத்தவர் என்று அவரைப் பற்றி வழக்கமாக எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாளை எடுத்த பின்னரும் அவர் சட்டக்காரராகவே இருந்தார். போகிற வழியெல்லாம் ஒழுங்குவிதி எழுதினார், ஆணை பிறப்பித்தார், எதிரியிடம் வாக்குறுதி வாங்கி அதை நம்பினார். அவருடைய பெருமையும் அவர் சறுக்கிய இடங்களும் பெரும்பாலும் இந்த ஒரே இயல்பிலிருந்து பிறந்தவை.

பெல்கிரானோ 1770 ஜூன் 3 அன்று புவெனஸ் ஐரிஸ் நகரில் பிறந்தார். தந்தை தொமிங்கோ பெல்கிரானோ, இத்தாலியின் லிகூரியக் கடற்கரையிலுள்ள ஒனெல்யாவிலிருந்து வந்து வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். தாய் மரியா ஹொசெஃபா கொன்சாலெஸ் அந்த ஊரிலேயே பிறந்தவர். மகனுக்கு ஆறு வயதான 1776-ஆம் ஆண்டில் ரியோ டி லா பிளாட்டா என்ற தனி வைசிராய் ஆட்சிப்பகுதி உருவாக்கப்பட்டு, புவெனஸ் ஐரிஸ் அதன் தலைநகரானது. பொத்தோசி மலையின் வெள்ளி அதன் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தது. வெளிநாட்டாருடன் நேரடியாக வணிகம் செய்யக் கூடாது, எல்லாம் ஸ்பெயின் வழியாகவே வரவேண்டும், போகவேண்டும் என்ற கட்டுப்பாடு 1778-இல் ஓரளவு தளர்த்தப்பட்டாலும் அடிப்படையில் மாறவில்லை. அந்தக் கட்டுப்பாட்டால் கொழித்தவர்களும் உண்டு, நசிந்தவர்களும் உண்டு. அவர் வளர்ந்தது கொழித்தவர்களின் வீட்டில்தான். பின்னாளில் எழுதியதெல்லாம் நசிந்தவர்களுக்காக.

1786-இல் தந்தை அவரை ஸ்பெயினுக்கு அனுப்பினார். சலமான்காவிலும் வல்லடோலிட்டிலும் சட்டம் படித்து, 1793-இல் வல்லடோலிட் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். இந்த ஆண்டுகளில் இரண்டு நிகழ்ச்சிகள் முக்கியமானவை. ஒன்று, 1788-இல் புவெனஸ் ஐரிஸ் சுங்கத்துறை நிர்வாகியின் முறைகேட்டு வழக்கில் தந்தையும் சிக்கி, குடும்பச் சொத்து முடக்கப்பட்டது. மகன் அரசவை அலுவலகங்களில் தந்தைக்காக மனுக் கொடுத்து நடந்தார். ஸ்பானிய நிர்வாகத்தின் நீதி எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை அவர் கற்றது வகுப்பறையில் அன்று, அந்தத் தாழ்வாரங்களில். மற்றொன்று, 1789-இல் பிரான்சில் வெடித்த புரட்சி. சுதந்திரம், சமத்துவம், பாதுகாப்பு, சொத்துரிமை என்ற எண்ணங்கள் தம்மை முழுதாகப் பற்றிக்கொண்டன என்றும், கடவுளும் இயற்கையும் மனிதனுக்கு அளித்த உரிமைகளைத் தடுப்பவர்கள் எல்லோரும் தம் கண்ணுக்குக் கொடுங்கோலர்களாகவே தெரிந்தார்கள் என்றும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தடை செய்யப்பட்ட நூல்களைப் படிக்கத் திருத்தந்தை ஆறாம் பயஸிடம் விண்ணப்பித்து அனுமதியும் பெற்றார். படிக்கக் கூடாத நூலைக்கூட முறைப்படி அனுமதி வாங்கிப் படித்த அந்த மாணவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் கீழ்ப்படியாத இடங்களைப் புரிந்துகொள்ள இது உதவும்.

நீதிமன்ற வழக்குகளைவிடப் பொருளாதாரமே அவரை அதிகம் ஈர்த்தது. நிலமும் உழவும்தான் செல்வத்தின் ஊற்று என்று வாதிட்ட பிரெஞ்சு அறிஞர் கெனேயின் நூலொன்றை ஸ்பானிய மொழியில் பெயர்த்து 1794-இல் மட்ரிட்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் புவெனஸ் ஐரிஸில் புதிதாக அமைக்கப்பட்ட கொன்சுலாதோ என்னும் வணிக மன்றத்துக்கு நிரந்தரச் செயலாளராக அமர்த்தப்பட்டுத் தாயகம் திரும்பினார். வணிகர்களுக்கிடையிலான வழக்குகளைத் தீர்ப்பதும், உழவையும் தொழிலையும் வளர்க்க வழிசொல்வதும் அந்த மன்றத்தின் வேலை. ஆண்டுதோறும் செயலாளர் ஓர் அறிக்கை படிக்க வேண்டும். பயிர்ச் சுழற்சி, மரம் நடுதல், தோல் பதனிடுதல், சணல் பயிரிடுதல், ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பள்ளி, பெண் குழந்தைகளுக்குக் கல்வி என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். 1799-இல் கப்பலோட்டும் கலைக்கும் ஓவியத்துக்கும் பள்ளிகள் திறந்தார். குடியேற்ற நாட்டுக்கு இவை ஆடம்பரம் என்று மட்ரிட் அவற்றை மூட வைத்தது. மன்ற உறுப்பினர்களான பெருவணிகர்களோ நான்குக்கு வாங்கி எட்டுக்கு விற்பதைத் தவிர வேறெதுவும் அறியாதவர்கள் என்று அவர் கசப்போடு எழுதினார். நாட்டு நலனுக்கு இவர்களால் ஒன்றும் ஆகாது என்று புரிந்தபோதும் அவர் பதவியை உதறவில்லை. விதையாவது தூவி வைப்போம் என்று 16 ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். விடுதலைப் போரின் வரலாறுகள் இந்த ஆண்டுகளைச் சில வரிகளில் கடந்துவிடுவது வருத்தமானது. போர்முனையில் அவர் செய்தவற்றில் பலவற்றின் வரைவு இந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது.

முதன்முறை ஆயுதம் ஏந்த நேர்ந்தது ஸ்பெயினுக்கு எதிராக அன்று, பிரிட்டனுக்கு எதிராக. 1806 ஜூனில் பிரிட்டிஷ் படை புவெனஸ் ஐரிஸில் இறங்கியபோது அவர் பெயரளவில் ஊர்க்காவல் படையில் ஒரு கேப்டன். அணிவகுக்கக்கூடத் தமக்குத் தெரியாதது அன்றைக்கு வெட்கமாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நகரம் வீழ்ந்ததும் வணிக மன்றத்து உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். அவர் மறுத்துவிட்டு லா பிளாட்டா ஆற்றைக் கடந்து கிழக்குக் கரைக்கு, இன்றைய உருகுவேக்குப் போய்விட்டார். பழைய எசமானர் வேண்டும், இல்லையேல் எவரும் வேண்டாம் என்று அவர் சொன்னதாக வழங்கும் வாசகம் இந்த நாள்களைச் சேர்ந்தது. அதன் பின்னர்தான் ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு படைப்பயிற்சியின் அரிச்சுவடியைக் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 36.

1808-இல் நெப்போலியன் ஸ்பானிய மன்னர் ஏழாம் பெர்னாண்டோவைச் சிறைப்பிடித்ததும் பெரிய சட்டக் கேள்வி ஒன்று எழுந்தது. மன்னர் இல்லாதபோது ஆட்சி யாருடையது? அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய நாடுகள் மன்னருக்குரியவையே தவிர ஸ்பெயின் நாட்டுக்குரியவை அல்ல. மன்னர் இல்லையென்றால் அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது என்பது அங்குச் சட்டம் படித்தவர்களின் வாதம். 1810 மே 22 அன்று நகர சபையில் இந்த வாதத்தை முன்னின்று எடுத்துரைத்தவர் பெல்கிரானோவின் உறவினரான வழக்கறிஞர் ஹுவான் ஹொசே காஸ்தெல்லி. மே 25 அன்று வைசிராயை நீக்கிவிட்டு ஹுந்தா என்ற ஆட்சிக்குழு அமைந்தது. அதன் ஒன்பது பேரில் நால்வர் சட்டம் படித்தவர்கள்: காஸ்தெல்லி, மரியானோ மொரேனோ, ஹுவான் ஹொசே பாசோ, பெல்கிரானோ. புதிய ஆட்சிக்கு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். படை நடத்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. உள்நாட்டு மாகாணங்கள் ஆட்சிக்குழுவை ஏற்க மறுத்தபோது, நம்பிக்கைக்குரியவர்கள் என்ற ஒரே தகுதியில் காஸ்தெல்லியை வடக்கே மேல் பெருவுக்கும் (இன்றைய பொலிவியா) பெல்கிரானோவைப் பராகுவேக்கும் அனுப்பினார்கள். அவர் எப்படித் தளபதியானார் என்ற கேள்விக்கு நேரான விடை இதுதான்: அனுப்ப வேறு ஆள் இல்லை, போக அவர் மறுக்கவில்லை.

பராகுவேப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. சிறிய படை, போதாத ஆயுதம், மழையும் சதுப்பும் நிறைந்த வழி. பராகுவே மக்கள் தம்மை வரவேற்பார்கள் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. 1811 ஜனவரி 19-இல் பராகுவாரியிலும், மார்ச் 9-இல் தக்குவாரியிலும் அவர் முறியடிக்கப்பட்டார். இருந்தாலும் தக்குவாரியில் சூழப்பட்ட நிலையிலும் சரணடைய மறுத்துப் போரிட்டு, பிறகு எதிர்த்தரப்பு அதிகாரிகளுடன் பேச்சு நடத்தி, எஞ்சிய படையோடு மரியாதையாக வெளியேறினார். புவெனஸ் ஐரிஸ் ஆளவோ பறிக்கவோ வரவில்லை, ஸ்பானிய ஆளுநர்தான் இருவருக்கும் பொது எதிரி என்று அந்த அதிகாரிகளுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். இரண்டே மாதத்தில் அசுன்சியோனில் ஸ்பானிய ஆட்சி கவிழ்ந்தது. அதற்கு அந்தக் கடிதங்களே காரணம் என்று சொல்வது மிகை. கவிழ்த்தவர்களும் புவெனஸ் ஐரிஸோடு சேராமல் தனிநாடாகவே நின்றார்கள். ஆனால் பகை மண்ணில் தோற்றவர் போட்டுவிட்டு வந்த எண்ணம் அங்கே பேசப்பட்டது உண்மை.

அந்தப் படையெடுப்பில் நான் அதிகம் மதிப்பது வேறொன்று. 1810 டிசம்பர் 30 அன்று தக்குவாரி முகாமில், மிசியோனெஸ் பகுதியின் முப்பது குவாரானி பூர்வகுடி ஊர்களுக்கென அவர் ஓர் ஒழுங்குவிதி எழுதினார். இயேசு சபைத் துறவிகள் 1767-இல் வெளியேற்றப்பட்ட பிறகு அந்த ஊர்கள் நிர்வாகிகளின் கொள்ளைக்கு ஆளாகி நலிந்து கிடந்தன. பூர்வகுடி மக்கள் சுதந்திரமானவர்கள், தம் உடைமையைத் தாமே ஆளலாம், பத்தாண்டுகளுக்கு வரி இல்லை, எந்தப் பதவிக்கும் அவர்கள் ஸ்பானிய வழிவந்தவர்களுக்குச் சமமானவர்கள், ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்தார். போர் தோற்றதால் அந்த விதிகள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றன. எதிரி மண்ணில், சில நூறு வீரர்களோடு, தோல்வி கண்ணுக்கெட்டிய தொலைவில் நிற்கும்போது ஒருவர் உட்கார்ந்து சட்டம் எழுதினார் என்பது அவரை அறிய எனக்குப் போதுமானதாக இருக்கிறது. திரும்பி வந்ததும் தோல்விக்காக அவர்மேல் விசாரணை நடந்தது. அவருடன் போரிட்டவர்களில் குற்றம் சாட்ட ஒருவரும் முன்வரவில்லை, விடுவிக்கப்பட்டார்.

இனி கொடி. 1812 பிப்ரவரியில் பரானா ஆற்றங்கரையில், ரொசாரியோ என்ற சிற்றூரில், ஸ்பானியக் கப்பல்கள் ஏறி வராமல் தடுக்க இரண்டு பீரங்கி அரண்களை அவர் அமைத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர்கள் சுதந்திரம், விடுதலை. படைப்பிரிவுகள் பல நிறங்களில் சின்னம் அணிவதால் குழப்பம் நேர்கிறது, எல்லோருக்கும் ஒரே சின்னம் வேண்டும் என்று பிப்ரவரி 13-இல் அரசுக்கு எழுதினார். வான்நீலமும் வெள்ளையும் கொண்ட நாடாச்சின்னத்தை 18-ஆம் தேதி அரசு ஏற்றது. 27-ஆம் தேதி அரண் திறப்புக்கு ஒரு கொடி வேண்டியிருந்தது. எங்களிடம் கொடி இல்லாததால், தேசியச் சின்னத்தின் நிறங்களுக்கு ஏற்ப வெள்ளையும் வான்நீலமுமாக ஒன்று செய்யச் சொன்னேன் என்று அன்றே அரசுக்கு எழுதிவிட்டார். கால்பந்துச் சட்டை வழியாக உலகம் முழுதும் அறிந்த அந்த இரண்டு நிறங்கள் கொடியாகப் பறந்தது அன்றுதான். இந்தக் கடிதத்தில் ஒரு வழக்கறிஞரின் கை தெளிவாகத் தெரிகிறது. சின்னத்தை நீங்களே ஏற்றுவிட்டீர்கள், கொடி அதன் இயல்பான தொடர்ச்சி என்பது அந்த வாதம்.

அரசு அதை ஏற்கவில்லை. அப்போது ஆண்ட மூவர் குழு, சிறையிலிருக்கும் மன்னர் பெர்னாண்டோவின் பெயரால்தான் ஆள்வதாக உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பிரிட்டன் நெப்போலியனுக்கு எதிராக ஸ்பெயினின் நட்பு நாடு. தனிக்கொடி என்றால் வெளிப்படையான பிரிவினை, அது பிரிட்டனைப் பகைப்பதாகும் என்று குழு அஞ்சியது. கொடியை மறைத்துவிடுமாறு மார்ச் 3-இல் ஆணை அனுப்பியது. அதற்குள் அவர் வடக்குப் படையின் தலைமையேற்கப் புறப்பட்டுவிட்டார். ஆணை அவர் கைக்குக் கிடைக்கவில்லை. மே 25 அன்று ஹுஹுய் நகரில், புரட்சியின் இரண்டாம் ஆண்டு நிறைவில், பாதிரியார் ஹுவான் இக்னாசியோ கொர்ரிட்டியைக் கொண்டு அந்தக் கொடிக்கு ஆசி வழங்கச் செய்து மக்கள் முன் உயர்த்தினார். அரசின் கடிந்துரை வந்தது. கொடியின் நினைவுகூட இல்லாதபடி அதைக் கலைத்துவிடுகிறேன் என்றும், யாராவது கேட்டால் ஒரு பெரும் வெற்றியின் நாளுக்காக அது காக்கப்படுகிறது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றும் அவர் பதில் எழுதினார். பணிவும் உறுதியும் ஒரே வாக்கியத்தில் இப்படிச் சேர்ந்திருப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

அவர் ஏற்றுக்கொண்ட வடக்குப் படை, 1811 ஜூனில் ஹுவாக்கியில் சிதறடிக்கப்பட்ட படையின் மிச்சம். ஊதியமில்லை, துப்பாக்கி போதவில்லை, மலேரியாக் காய்ச்சல் வேறு. மேல் பெருவிலிருந்து தளபதி கோயெனெச்சே அனுப்பிய சுமார் 3,000 பேர் கொண்ட அரசப் படை, அதாவது ஸ்பானிய மன்னர் தரப்புப் படை, பியோ திரிஸ்தான் தலைமையில் இறங்கி வந்தது. எதிர்த்து நிற்க வலுவில்லை என்று கண்ட பெல்கிரானோ, ஜூலை 29-இல் ஹுஹுய் மக்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தார். ஊரே கிளம்ப வேண்டும். கால்நடை, தானியம், சரக்கு எதுவும் எதிரிக்குக் கிடைக்கக் கூடாது. எடுத்துச் செல்ல முடியாததை எரிக்க வேண்டும். மறுப்பவர் துரோகியாகக் கருதிச் சுடப்படுவார். ஆகஸ்ட் 23 அன்று ஹுஹுய் காலியானது. தெற்கே துக்குமானை நோக்கி முதியவரும் குழந்தைகளும் மாட்டு வண்டிகளிலும் கோவேறு கழுதைகளிலும் நடந்தார்கள். இன்றும் ஹுஹுய் மாகாணம் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்தப் பெயர்ச்சியை நடித்துக் காட்டி நினைவுகூர்கிறது. மென்மையான மனிதர் என்று அவரை வரைபவர்கள் இந்த ஆணையின் கடுமையைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. விருப்பத்தோடு கிளம்பியவர்கள் பலர். அச்சத்தால் கிளம்பியவர்களும் இருந்தார்கள்.

இன்னும் பின்வாங்கிக் கோர்தோபாவுக்கு வந்துவிட வேண்டும் என்பது அரசின் கட்டளை. வடக்கு மாகாணங்கள் அத்தனையும் எதிரிக்குக் கைவிடப்படும் என்பது அதன் பொருள். துக்குமான் ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் வந்து, நின்று போரிடுங்கள், ஆளும் குதிரையும் நாங்கள் தருகிறோம் என்றார்கள். அவர் நின்றார். 1812 செப்டம்பர் 24 அன்று சுமார் 1,800 பேருடன், அவர்களில் பலர் ஈட்டியும் கத்தியுமே கொண்ட கிராமக் குதிரைக்காரர்கள், திரிஸ்தானைத் துக்குமான் நகரின் விளிம்பில் எதிர்கொண்டார். பலத்த காற்று, புழுதி, எங்கிருந்தோ வந்த வெட்டுக்கிளிக் கூட்டம், எல்லாம் சேர்ந்து யார் வென்றார் என்பதே அன்று மாலைவரை தெரியவில்லை. படைத்தலைவரும் தம் படையிலிருந்து சிறிது நேரம் பிரிந்துவிட்டார். மறுநாள் அரசப் படை பீரங்கிகளையும் மூட்டைகளையும் இழந்து வடக்கே பின்வாங்கியது. திட்டமிட்டு வென்ற போர் அன்று அது. ஆனால் நிற்பது என்ற முடிவு அவருடையது, தோற்றிருந்தால் கட்டளை மீறியதற்கான தண்டனையும் அவருக்கே உரியது. வெற்றி, கருணை மாதாவின் திருநாளன்று கிடைத்ததால் மாதாவைப் படையின் தளபதி என்று அறிவித்துத் தம் செங்கோலைத் திருவுருவத்தின் கைகளில் வைத்தார். பக்தி உண்மையானது, அதோடு, புரட்சிக்காரர்கள் சமயப் பகைவர்கள் என்று எதிரி பரப்பிவந்த பேச்சுக்கும் அது விடையானது.

1813 பிப்ரவரி 13 அன்று பசாஹே ஆற்றங்கரையில், புவெனஸ் ஐரிஸில் கூடிய புதிய சட்டமன்றத்துக்குப் படை உறுதிமொழி எடுத்தது. அந்த ஆறு அன்று முதல் ஹுராமென்தோ, அதாவது உறுதிமொழி ஆறு, என்று அழைக்கப்படுகிறது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 20-இல், சால்டா போர். யாரும் எதிர்பாராத ஒரு மலையிடுக்கு வழியாக, மழையில், பீரங்கிகளை இழுத்துக்கொண்டு நகரின் வடபுறம் இறங்கி எதிரியின் பின்வாங்கும் வழியை அடைத்தார். அன்று காலை அவருக்கு இரத்த வாந்தி. வண்டியில் இருந்தபடி போரை நடத்த ஏற்பாடு செய்து, கடைசியில் குதிரை ஏறிவிட்டார். கொடி முதன்முறை போர்க்களத்தில் பறந்தது இங்கேதான். திரிஸ்தானின் படை முழுவதுமாகச் சரணடைந்தது; 2,700-க்கும் மேற்பட்டவர்கள் ஆயுதம் கீழே வைத்தார்கள்.

அவர்களைச் சிறைபிடிக்காமல், இனி இந்த நாட்டுக்கு எதிராக ஆயுதம் ஏந்துவதில்லை என்ற சத்தியத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். இரு தரப்பிலும் இறந்தவர்களை ஒரே குழியில் அடக்கம் செய்து, வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் பொதுவாக ஒரு சிலுவை நட்டார். அந்த வீரர்களில் பெரும்பாலோர் பெருவிலும் மேல் பெருவிலும் பிறந்தவர்கள். திரிஸ்தானே அரெகிப்பாக்காரர், ஸ்பெயினில் படித்த நாள்களில் பெல்கிரானோவுக்கு அறிமுகமானவர். அமெரிக்கரை அமெரிக்கர் சிறையிடுவதைவிட, வீட்டுக்கு அனுப்பினால் ஊர் ஊராகப் புரட்சியின் நல்லெண்ணத்தைக் கொண்டுசெல்வார்கள் என்று அவர் கணக்கிட்டார். சிலர் விஷயத்தில் அந்தக் கணக்கு பலித்தது. வேறு சிலரோ, புரட்சிக்காரருக்குக் கொடுத்த சத்தியம் கட்டுப்படுத்தாது என்று சமயத் தலைவர்கள் விடுவித்ததை ஏற்று மீண்டும் படையில் சேர்ந்தார்கள். அவருடைய மிகப் பெரிய தவறு இது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கையொப்பமிட்ட உடன்படிக்கை நிற்கும் என்று நம்புவது சட்டக்காரரின் பழக்கம். போரில் அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. எனினும் அந்தக் கைதிகளுக்குச் சோறு போடவும் காவல் வைக்கவும் அவரிடம் இருந்தது என்ன என்றும் கேட்க வேண்டும்.

இந்த வெற்றிக்காகச் சட்டமன்றம் அவருக்கு 40,000 பெசோ பரிசளித்தது. பணத்தைவிட இழிவானது நல்ல மனிதனுக்கு வேறில்லை என்று எழுதி, தரிஹா, ஹுஹுய், துக்குமான், சாந்தியாகோ தெல் எஸ்தெரோ ஆகிய நான்கு ஊர்களில் பள்ளி அமைக்க அதை அப்படியே கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்காமல் 1813 மே 25-இல் அந்தப் பள்ளிகளுக்கு விதிகளும் எழுதினார். ஆசிரியரைப் போட்டித் தேர்வின் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஊர்த் திருவிழாக்களில் நகர சபை உறுப்பினர்களோடு அவருக்கு இருக்கை தரவேண்டும், ஏனெனில் அவர் நாட்டின் தந்தை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 500 பெசோ, அதில் 400 ஆசிரியர் ஊதியம், 100 ஏழைப் பிள்ளைகளின் தாளுக்கும் மைக்கும் புத்தகத்துக்கும். அடி ஆறுக்கு மேல் போகக் கூடாது, மிகக் கடுமையான குற்றத்துக்குப் பன்னிரண்டு, அதுவும் மற்ற பிள்ளைகள் பார்க்காத இடத்தில். அந்தக் காலத்துப் பள்ளிகளில் பிரம்புக்குக் கணக்கே இருந்ததில்லை என்பதை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும். சொந்த நன்மையைவிடப் பொது நன்மையை மேலாகக் கருதும் மனப்பான்மையை ஆசிரியர் தம் நடத்தையால் ஊட்ட வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று.

பிறகு வந்தவை தோல்விகள். மேல் பெருவுக்குள் முன்னேறிய அவரைப் புதிய அரசப் படைத்தலைவர் பெசுவெலா 1813 அக்டோபர் 1-இல் வில்காபுகியோவிலும், நவம்பர் 14-இல் அயோஹுமாவிலும் முறியடித்தார். பெசுவெலா முறையான பயிற்சி பெற்ற பீரங்கிப்படை அதிகாரி. அயோஹுமாவில் அந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. குண்டுமழைக்கு நடுவே காயமுற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பெண்களில் ஒருவர், ஆப்பிரிக்க வழிவந்த மரியா ரெமேதியோஸ் தெல் வாயே. பெல்கிரானோ அவருக்குக் கேப்டன் தகுதி அளித்திருந்தார். தோற்றுத் திரும்பும் வழியில் மச்சா என்ற ஊருக்கருகில் ஒரு சிற்றாலயத்தில் மறைத்துவைக்கப்பட்ட இரண்டு கொடிகள் 1883-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று இன்று பொலிவியாவின் சூக்ரே நகரிலும் மற்றது புவெனஸ் ஐரிஸிலும் உள்ளன.

1814 ஜனவரியில் படைத்தலைமையைச் சான் மார்ட்டினிடம் ஒப்படைத்தார். தொழில்முறைப் படைவீரரான சான் மார்ட்டினுக்குக் கீழே ஒரு படைப்பிரிவுத் தலைவராகப் பணியாற்றவும், அவர் நடத்திய பயிற்சி வகுப்பில் மாணவராக அமரவும் அவர் தயங்கவில்லை. போரை ஆயுதத்தால் மட்டுமல்ல, மக்களின் எண்ணத்தாலும் நடத்த வேண்டும், இம்மக்களின் பக்தியைப் புண்படுத்திவிடாதீர்கள் என்று அந்த ஏப்ரலில் சான் மார்ட்டினுக்கு எழுதினார். அவர் சிறந்த தளபதியா என்று கேட்பவர்களுக்குச் சான் மார்ட்டின் 1816-இல் எழுதிய கடிதத்தைத்தான் நான் காட்டுவேன். போர்க்கலையில் பெல்கிரானோவுக்குப் பிரெஞ்சுத் தளபதிகளான மொரோவின் அல்லது நெப்போலியன் போனபார்ட்டின் அறிவு இல்லாதிருக்கலாம், ஆனால் நேர்மையும் இயல்பான திறமையும் நிறைந்தவர், தென் அமெரிக்காவில் நம்மிடம் உள்ளவர்களில் மிகச் சிறந்தவர் அவரே என்பது அதன் சாரம். வடக்குப் படைக்கு மீண்டும் யாரை அனுப்புவது என்ற கேள்விக்குச் சொன்ன பதில் அது. வெறும் புகழ்ச்சி அன்று.

1816 ஜூலை 6 அன்று, ஐரோப்பாவில் ஒரு தூதுப்பணியை முடித்துத் திரும்பியிருந்த அவர், துக்குமானில் கூடிய மாகாணப் பிரதிநிதிகளின் பேராயம் நடத்திய மறைவுக் கூட்டத்தில் பேசினார். நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஐரோப்பாவில் குடியரசுக்கு மதிப்பில்லை, எல்லாம் முடியாட்சியாகிவிட்டது. ஆகவே அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட முடியாட்சி வேண்டும், அரசர், ஸ்பானியர் வருமுன் மலைநாட்டை ஆண்ட இன்கா மரபிலிருந்து வரவேண்டும் என்றார். இன்காக்களின் பழைய தலைநகரான குஸ்கோவைத் தலைநகராக்குவதும் அந்தத் திட்டத்தோடு பேசப்பட்டது. பறிக்கப்பட்ட அரியணையைத் திருப்பித் தருவது நீதி என்றும், மலைநாட்டுப் பூர்வகுடி மக்கள் பெருந்திரளாகப் புரட்சியின் பக்கம் வருவார்கள் என்றும் அவர் கருதினார். வடக்கு மாகாணப் பிரதிநிதிகள் பலர் ஆதரித்தார்கள். புவெனஸ் ஐரிஸ் செய்தித்தாள்களும் அரசியல்வாதிகளும் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் நிற வெறுப்பு வெளிப்படையாகவே இருந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 9-இல், விடுதலை அறிவிக்கப்பட்டது. அறிவிக்கை கெச்சுவா, அய்மாரா ஆகிய பூர்வகுடி மொழிகளிலும் அச்சிடப்பட்டது. ஜூலை 20-இல் பேராயம் அவருடைய கொடியைத் தேசியக் கொடியாக ஏற்றது. இன்கா திட்டம் நடைமுறைக்கு உகந்ததா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு. ஆனால் மிசியோனெஸ் விதிகளை எழுதியவரிடமிருந்து அது வந்ததில் வியப்பில்லை.

அடுத்த மூன்றாண்டுகள் துக்குமானில் ஊதியமில்லாத படையோடு கழிந்தன. எல்லையைக் காத்தவர் சால்டாவின் மார்ட்டின் குவெமெஸும் அவருடைய குதிரைக்காரர்களும். மேல் பெருவில் கெரில்லாப் போர் நடத்திய ஹுவானா அசுர்துய்க்குத் தம் வாளை அனுப்பி, அவருக்கு லெப்டினன்ட் கர்னல் தகுதி கிடைக்கப் பரிந்துரைத்தவர் பெல்கிரானோ. அவரை வருத்தியது உள்நாட்டுச் சண்டை. மாகாணத் தலைவர்களுக்கு எதிராகப் படையைத் திருப்ப அரசு சொன்னபோது உடல் நலிந்த நிலையில் கிளம்பினார். 1819-இல் பொறுப்பை விட்டு விலகித் துக்குமானுக்கே திரும்பினார். அந்த நவம்பரில் அங்கு நடந்த கலகத்தில் அவரைக் கைது செய்து, வீங்கிய கால்களில் விலங்கு பூட்டவும் முயன்றார்கள். மருத்துவர் ஜோசப் ரெட்ஹெட் குறுக்கிட்டுத் தடுத்தார். எந்தத் துக்குமானைக் கட்டளை மீறிக் காத்தாரோ அதே ஊரில் இது நடந்தது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மரியா ஹொசெஃபா எஸ்குர்ராவுடன் 1813-இல் பிறந்த மகன் பெத்ரோவை, பின்னாளில் நாட்டை ஆண்ட ஹுவான் மனுவேல் தெ ரோசாஸ் வளர்த்தார். துக்குமானின் தொலோரெஸ் எல்கெரோவுடன் 1819 மே மாதம் பிறந்த மகள் மனுவேலா மோனிக்கா. கடன்களைத் தீர்த்து, மிச்சம் இருந்தால் மகளுக்குக் கொடுக்குமாறு பாதிரியாரான தம் சகோதரரிடம் தனியே சொல்லிவைத்தார். அரசு அவருக்குத் தரவேண்டிய சம்பளம் நெடுங்காலப் பாக்கியாக நின்றது. புவெனஸ் ஐரிஸுக்குப் பயணம் செய்யவே நண்பரிடம் கடன் வாங்க நேர்ந்தது. கடைசி நாள்களில் பார்த்துக்கொண்ட ரெட்ஹெட்டுக்குக் கொடுக்கப் பணமில்லாததால், தம் தங்கக் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார்.

1820 ஜூன் 20 காலை, தாம் பிறந்த அதே வீட்டில், ஐம்பதாம் வயதில் இறந்தார். அன்று நகரில் ஒரே நாளில் மூன்று தரப்பார் தாமே ஆளுநர் என்று உரிமை கொண்டாடினார்கள். அந்தக் குழப்பத்தில் அவர் மறைவை அப்போது வெளியிட்டது பாதிரியார் காஸ்தஞேதா நடத்திய ஒரே ஒரு செய்தித்தாள். சாந்தோ தொமிங்கோ மடத்து வாசலருகே அடக்கம் செய்தார்கள். கல்லறைக்குப் பலகை வாங்க வழியில்லாமல், சகோதரர் வீட்டு அலமாரி ஒன்றின் மேற்பரப்பிலிருந்த பளிங்குக் கல்லைக் கழற்றிப் பெயர் பொறித்தார்கள். அர்ஜென்டினா இன்று கொடி நாளாகக் கொண்டாடுவது அவர் இறந்த அந்த ஜூன் 20-ஐ. அவர் பரிசுப் பணத்தைக் கொடுத்த நான்கு பள்ளிகளுக்கான தொகையைப் போரும் உள்நாட்டுச் சண்டையும் நடத்திய அரசுகள் வேறு செலவுகளுக்குத் திருப்பிக்கொண்டன. ஹுஹுய் நகருக்கு அவர் எழுதிக்கொடுத்த பள்ளியின் கட்டடம் திறக்கப்பட்டது 2004-இல்.